அப்பாவின் வயலும் எஸ்தரின் பச்சைப் பேனாவும்

1

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்டார்கள். கீழ்வேளூர் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து நடத்துகிற பத்திரிகை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பனியைப் பற்றி எழுதலாமா என்று பார்த்தால் போன இதழில் ஒருவர் எழுதிவிட்டார். அதற்கு முந்தின இதழில் இன்னொருவர் குளிரைப் பற்றி எழுதியிருக்கிறார். மிச்சம் இருப்பது என் வீட்டில் நடந்ததுதான்.

லண்டனுக்குக் கிழக்கே ஓர் ஓட்டலில் சமையல்காரனாக இருக்கிறேன். பேர் இளஞ்செழியன். மனைவி செல்வி. ஒரே மகள் மலர்விழி, பதினாலு வயது, இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அவள் பேர் மலா. 'ழி' வராதவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று முதல் வகுப்பிலேயே பாதிப் பேரை விட்டுக்கொடுத்துவிட்டாள். விட்டுக்கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். அது பின்னால் வரும்.

அப்பாவின் நினைவு நாள் வந்த வாரம். எங்கள் வீட்டில் திதி கிடையாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர்கள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவர். பிள்ளைகளுக்கு அறிவழகன், இளஞ்செழியன் என்று பேர் வைத்தவர். படத்துக்கு ஒரு மாலை போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே அதுவும் காகித மாலைதான். படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மலர் தாளும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"அப்பா, தாத்தாவோட லேண்ட் ஸ்டோரி இன்னொரு தரம் சொல்லுங்க."

"சொன்னேனே."

"ரெண்டு வரிதான் சொன்னீங்க."

"ரெண்டு வரிதான் இருக்கு."

செல்வி அடுப்படியிலிருந்து சொன்னாள். "உங்கப்பாவுக்கு ரெண்டு வரின்னா அது பெரிய கதை பாப்பா. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு வரிதான் பேசுனாரு. அதுவும் 'காப்பி சூடா இருக்கு'ன்னு."

2

பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அவரவர் சொந்தக் கதையை எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஆசிரியை திருத்துவார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லை. முதலில் எழுதியதை அதே வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை படித்துவிட்டுப் பச்சைப் பேனாவால் ஓரத்தில் கேள்வி எழுதும். கேள்விக்குப் பதில் கிடைக்கிற மாதிரி இவள் மறுபடி எழுத வேண்டும். மறுபடி பச்சைப் பேனா, மறுபடி எழுத்து. கடைசியாக எழுதியதைப் பெற்றோர் கூடுகிற சாயங்காலத்தில் மேடையில் நின்று வாசிக்க வேண்டும்.

நம் ஊரில் பச்சை மை கெஜட்டட் ஆபீசருக்கு உள்ளது. ஒரு கையெழுத்துக்கு எத்தனை நாள் வாசலில் நின்றிருக்கிறோம். இங்கே அந்தப் பேனாவைப் பதினாலு வயசுப் பிள்ளைகள் கையில் சும்மா கொடுத்துவிடுகிறார்கள்.

மலருக்கு வாய்த்த ஆபீசர் எஸ்தர். அவளுடைய அப்பா அம்மா ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலிருந்து வந்தவர்கள். அப்பா பஸ் ஓட்டுகிறார். எஸ்தர் நல்ல பிள்ளை. ஆனால் ஒரு கேள்வியை எடுத்தால் பதில் வரும்வரை கீழே வைக்க மாட்டாள்.

எனக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்பே ஒரு வரலாறு உண்டு. மலரைச் சேர்த்த வருஷம் ஆசிரியையைப் பார்க்கப் போனோம். பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கும்போது நம் ஊரில் என்ன சொல்வோம்? 'உங்க பிள்ளை மாதிரி சார், கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க' என்போம். வாத்தியாரும் 'நான் பாத்துக்கறேன் போங்க' என்பார். யாரும் தோலை உரிப்பதில்லை. அந்த நினைப்பில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பித்தேன்.

"ஷீ இஸ் யுவர் டாட்டர், மேடம்."

அந்த அம்மா மலரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உங்கள் மகள் இல்லையா என்று கேட்டார்.

"நோ நோ. யுவர் டாட்டர் ஒன்லி."

அடுத்தது கண்ணும் தோலும். அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வி என் காலை மிதித்தாள். மிதித்திருக்காவிட்டால் பிள்ளையை அடிக்கிறோமா என்று விசாரிக்க வீட்டுக்கு ஆள் வந்திருக்கும். அப்படியும் அந்த அம்மா ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. பிள்ளையின் பெற்றோர் யார் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு செல்விதான் போய்வந்தாள். நீங்க வர வேணாம் என்று சொல்லிவிட்டாள்.

3

கையிலிருந்த தாளில் அதுவரை எழுதியதை மலர் எனக்குப் படித்துக் காட்டினாள். இங்கிலீஷில் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள்.

அவள் தாத்தா கூச்சக்காரராம். ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு வயலைத் தொலைத்துவிட்டாராம். அப்பாவும் அதே மாதிரியாம். வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்டால் மலருக்குப் பதில் தெரியுமாம், கையைத் தூக்க மாட்டாளாம். இந்தக் கூச்சம் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து தனக்கும் வந்த சொத்தாம். வேறு சொத்து ஒன்றும் வரவில்லையாம்.

கடைசி வரியைக் கேட்டுச் செல்வி சிரித்துவிட்டாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது. மண்டபம் நிறைய வெள்ளைக்காரர்கள். நடுவில் என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாயில்லாப் பூச்சியாக நிற்கிறார். எல்லாரும் ஐயோ பாவம் என்று பார்க்கிறார்கள். அப்படித் தோன்றியது.

"எப்ப வாசிக்கணும்?"

"இன்னும் மூணு வாரம்."

"எங்கப்பா கூச்சக்காரர் இல்ல."

"அப்ப என்னப்பா? அந்த வேர்ட் சொல்லுங்க, மாத்திடறேன்."

கையில் துடைக்கிற துணியோடு நின்றேன்.

"பதில் சொல்லுங்க," என்றாள் செல்வி. "தாசில்தார் முன்னாடி மாமா நின்ன மாதிரியே நிக்கிறீங்க."

4

நடந்தது இது.

அப்பா பேர் மாரிமுத்து. பண்ணை ஐயாவின் வயலில் பத்து மா குத்தகை. இப்போதைய கணக்கில் மூணு ஏக்கரும் சொச்சமும். அப்பாவுக்கு அப்பா காலத்திலிருந்து அது எங்கள் உழவு. மாடு, விதை, உடம்பு எல்லாம் எங்களுடையது. அறுத்ததும் களத்தில் ஐயா பங்கை அளந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

புது ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்காரன் தன் பேரைத் தாலுகா ஆபீசில் பதியலாம், பதிந்துவிட்டால் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. ஊர் ஊராகத் தகராறு. பக்கத்து ஊரில் வெளியாட்களை இறக்கி அறுக்கப் பார்த்தார்கள் என்று அடிதடி. போலீஸ்காரர்கள் வாய்க்கால் கரையிலேயே பொங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். எங்கள் தெருவில் செங்கொடி ஏறியிருந்தது. அதுவரை பண்ணைக்காரரை 'ஆண்டே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கொடிக்காரர்கள் நிறுத்தச் சொன்னார்கள். அப்பா 'ஐயா'வுக்கு மாறினார். அதற்கே அவருக்கு ஒரு போகம் பிடித்தது.

தாசில்தார் வயலுக்கே வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது. அண்ணன் அறிவழகன் அப்பாவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தான்.

"யாரு சாகுபடின்னு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

"நான்தான்."

"சத்தமா சொல்லுங்க."

"நான்தான்டா. போதுமா?"

"'டா' வேணாம்ப்பா. அவரு தாசில்தாரு."

இரண்டு நாள் இது நடந்தது. மாட்டுக்கு வைக்கோல் போடும்போதுகூட அப்பா 'நான்தான், நான்தான்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

சம்பா நட்டுப் பயிர் பச்சை கட்டியிருந்த நேரம். தாசில்தார் ஜீப்பில் வந்தார். ஐயாவுக்கு வரப்பில் நாற்காலி போட்டிருந்தார்கள். குடையை மடக்கி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது பதினேழு வயசு. களை பறித்துக்கொண்டிருந்தவன் காலில் சேற்றோடு கரையேறி அப்பா பக்கத்தில் நின்றேன்.

முதலில் பேசியது ஐயாதான்.

"என்ன மாரி, இடுப்பு வலி தேவலாமா?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கேஸ் அங்கேயே முடிந்துபோயிற்று என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வான்.

"தேவலாங்க ஐயா."

தாசில்தார் கேட்டார். "இது யாரு வயல்?"

"ஐயாவோடதுங்க."

"அது தெரியுதுய்யா. யாரு சாகுபடி பண்றது?"

அப்பா பயிரைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனை எதிரே உட்கார வைத்துக்கொண்டு 'இதெல்லாம் நான் பண்ணினது' என்று எவனும் சொல்ல மாட்டான். பயிர் நல்லா வந்திருக்கே என்று யார் கேட்டாலும், 'ஏதோ உங்க புண்ணியம்' என்பான். கேட்டவரும், 'என் புண்ணியம் என்னய்யா, உன் பாடு' என்று திருப்பிக் கொடுப்பார். பாவம் புண்ணியம் எல்லாம் பொய் என்று மேடைப் பேச்சில் கேட்டுக் கைதட்டிவிட்டு வந்தவர்தான் என் அப்பா. ஆனாலும் வாய் பழைய வாய்.

"எல்லாம் ஐயா புண்ணியத்துல நடக்குதுங்க."

தாசில்தார் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. சாகுபடியும் ஐயாவுடையதே என்று தாசில்தார் எழுதிக்கொண்டார். ஐயா எழுந்து குடையை விரித்தார்.

அந்த அறுவடையோடு வயல் போயிற்று. அண்ணன் ஒரு மாசம் அப்பாவோடு பேசவில்லை. நான் எப்போதுமே பேசுவதில்லை என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு அப்பா கூலிக்குப் போனார். இரண்டு ஆடு வாங்கினார். தெருவில் யாராவது 'யாரு ஆடு இது' என்று சும்மா கேட்டால் போதும். "என் ஆடு. என்னோட ஆடு" என்பார். கடைசி வீடு வரைக்கும் கேட்கும். ஆடு திடுக்கிட்டு நிற்கும். நாங்கள் சிரிப்போம். அப்பா சிரித்ததில்லை.

நான் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனேன். அங்கே சமையல் கற்றுக்கொண்டு இங்கே வந்தேன். மலருக்கு இதையெல்லாம் சொல்ல இரண்டு வரிக்கு மேல் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செல்வி பாதி, நான் பாதி சொல்லி முடித்தோம். செல்வி பாதிதான் பெரியது.

5

'கூச்சம்' என்பதை அடித்துவிட்டு 'மரியாதை' என்று எழுதிக்கொண்டு போனாள் மலர். அது பச்சை மையோடு திரும்பி வந்தது. 'வயலைப் பிடுங்கிக்கொண்டவருக்கு எதற்கு மரியாதை?'

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மலரும் அதைத்தான் கேட்டாள். "ஆமாப்பா, எதுக்கு?" நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எஸ்தரே வீட்டுக்கு வந்தாள். இருவரும் உட்கார்ந்து எழுத்தைப் பார்க்கப்போகிறார்களாம். எனக்கு விடுமுறை. காலையிலிருந்து மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசர் விசாரணைக்கு வருகிறார். சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும்.

எஸ்தர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, வீடு அழகாக இருக்கிறது அங்கிள் என்றாள்.

"திஸ் இஸ் யுவர் ஹவுஸ் ஒன்லி," என்றேன்.

அவள் சுற்றிப் பார்த்தாள். மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள். "என்னுடையதா?"

மலர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, சும்மா இருங்கப்பா."

உண்மையைச் சொன்னால் வீடு பேங்க்கினுடையது. அதை நான் எஸ்தருக்குக் கொடுத்திருந்தேன்.

சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். குழம்பு யார் வைத்தது என்று கேட்டாள். செல்வியைக் காட்டி, "ஆன்ட்டி," என்றேன்.

"ஐயையோ, நான் இல்லம்மா," என்றாள் செல்வி. "அவருதான் வச்சாரு. காலையிலேர்ந்து என்னை அடுப்படிக்குள்ள விடல. வெங்காயம்கூட அவருதான் உரிச்சாரு." மலர் அதை வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். வெங்காயத்தையும் சொன்னாள்.

எஸ்தர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஏன் ஆன்ட்டி என்று சொன்னீர்கள்?

மீன் நல்ல மீன், அதனால்தான் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு மலரோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். நான் பாத்திரம் கழுவினேன். சாயங்காலம் எஸ்தர் பஸ் பிடித்துத் தன் வீட்டுக்குப் போனாள்.

6

திங்கட்கிழமை மலர் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஓரம் முழுக்கப் பச்சை. கீழே இடம் போதாமல் பின்பக்கமும் போயிருந்தது.

"இது உங்களுக்குத்தான்ப்பா எழுதியிருக்கா. படிக்கட்டுமா?"

"படி."

அவள் தமிழில் சொன்னதை எழுதுகிறேன்.

'மலா, போன சனிக்கிழமை உன் அப்பா இது என் வீடு என்று சொன்னார். நான் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டேன். உன் அப்பா ஆன்ட்டிதான் சமைத்தார் என்று சொன்னார். ஆன்ட்டி உடனே, நான் இல்லை, அவர்தான் என்று சொன்னார். உன் தாத்தா எல்லாம் அவரால் நடக்கிறது என்று சொன்னபோது அந்த நாற்காலிக்காரர் ஏன், நான் இல்லை, இவர்தான் என்று சொல்லவில்லை? உன் கதையில் எல்லாக் கேள்வியும் தாத்தாவிடம் கேட்கிறாய். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.'

செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அண்ணனுக்கு போன் போட்டேன். ஊரில் சாப்பிட்டுப் படுக்கிற நேரம். எஸ்தர் எழுதியதைச் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இருக்கியாண்ணே?"

"இருக்கேன்." அண்ணன் கேட்டான். "அந்தப் பொண்ணுக்கு என்னடா வயசு?"

"பதினாலு."

"நாம எத்தன வருஷமா அப்பாவையே பேசிக்கிட்டிருந்தோம். குடையப் பத்தி ஒருத்தனும் கேக்கலியேடா." பிறகு சொன்னான். "கட்சியில சேத்துடலாம்டா அந்தப் பொண்ண. நம்ம வட்டத்துக்கு ஆள் இல்ல."

7

பெற்றோர் கூடும் சாயங்காலம். ஓட்டலில் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். செல்வி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கிளம்பும்போது, "இன்னைக்கு யாருக்கும் எதையும் குடுத்துடாதீங்க" என்று சொன்னாள்.

ஒரு பையன் தன் நாய் செத்ததை வாசித்தான். ஒரு பெண் நீச்சல் கற்றதை வாசித்தாள். பிறகு மலர் ஏறினாள். தாளை மேஜையில் வைத்துக்கொண்டு வாசித்தாள். எனக்கு முழுசாகப் புரியாது. வீட்டிலேயே சொல்லியிருந்ததால் எங்கே என்ன வருகிறது என்று தெரிந்தது.

இப்படி ஆரம்பித்தாள். 'என் தாத்தா ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பதிலாக எதிரே இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படித்தான். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.' ஆட்டையும் எழுதியிருந்தாள். அதைச் செல்விதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மண்டபத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் உடனே நிறுத்தினார்கள். முடிவில், வகுப்பில் நான் கையைத் தூக்காததற்குத் தாத்தா காரணம் இல்லை, அது என் சோம்பல் என்று வாசித்தாள். பழைய பிரதியில் அது இல்லை. எஸ்தர் முதல் வரிசையில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கேட்டதெல்லாம் வருகிறதா என்று சரிபார்க்கிற மாதிரி இருந்தது.

கைதட்டினார்கள். என் அப்பா மண்டபத்தின் நடுவில் நின்றார். வாயில்லாப் பூச்சியாக இல்லை.

வாசலில் டீயும் பிஸ்கெட்டும். அதே ஆசிரியை எங்களைத் தேடி வந்தார். என்னை மறந்திருக்க மாட்டார். கையைக் கொடுத்தார். மலா ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறாள், உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்றார்.

எல்லாம் உங்க தயவு, உங்க பிள்ளைதானே மேடம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செல்வி கால் என் கால் பக்கத்தில் தயாராக இருந்தது. மலரின் கை தலைக்குப் போனது. எஸ்தர் பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பச்சைப் பேனா சட்டைப் பையில் செருகியிருந்தது.

"மை டாட்டர்," என்றேன். "ஷீ ரோட். மை டாட்டர்."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மலர் திடுக்கிட்டு நின்றாள்.